மானம் போன காலம்

வாப்பா தோற்கும் சத்தம் எங்கள் அடுப்படி வரைக்கும் கேட்கும். மைதானம் கடற்கரைப் பக்கம். எங்கள் வளவு பிரதான வீதிக்கு இந்தப் பக்கம். இடையில் குறுக்கு வீதிகளும் தென்னைகளும் இருந்தாலும், பெருநாள் பின்னேரங்களில் அஸர் தொழுகை முடிந்து ஒலிபெருக்கியைத் திறந்தார்களென்றால் எதுவும் தப்பாது. முதலில் அறிவிப்பாளர் தொண்டையைச் செருமுவார். பயில்வானின் பெயருக்கு விசிலும் கைதட்டலும் எழும். வாப்பாவின் பெயருக்குச் சிரிப்பு. பிறகு கொஞ்ச நேரம் காற்றின் இரைச்சல் மட்டும்தான். அதற்குப் பின் பலகையில் மூட்டை விழுந்தது போல் ஒரு சத்தம், அதன் பின்னால் ஊரே ஒரே வாயாக "ஓ" என்னும். உம்மா அகப்பையை வைத்துவிட்டு, "விழுந்திட்டார்" என்று எங்களுக்குச் சொல்வார், ஏதோ மழை வந்துவிட்டது என்பது போல. நானும் தங்கைகளும் ஒருவரையொருவர் பார்க்காமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்போம்.

வாப்பா ஒரு மல்யுத்தக் கழகத்தில் கூலிக்குச் சண்டை பிடித்தவர். இதை இப்போது சொன்னால் இளம் பிள்ளைகள் நம்புவதில்லை. எங்கள் ஊரில் வீடியோ கசெட் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்த ஒருவர், அவரை எல்லாரும் முதலாளி என்றுதான் கூப்பிடுவார்கள், அமெரிக்கக் கம்பனி ஒன்றின் மல்யுத்தக் கசெட்டுகளைப் பார்த்துப் பார்த்து, இதை நாமும் செய்தாலென்ன என்று தொடங்கியது அது. பெருநாளுக்குப் பெருநாள் டிக்கட் போட்டு நடத்துவார். முதலில் கடற்கரை மணலில் நடத்தினார்கள். பிறகு நெல் ஆலையிலிருந்து பழைய மரமும் கரைவலைக்காரரிடமிருந்து கயிறும் எடுத்துக் கோதா கட்டி, பலகைமேல் மணல் பரப்பினார்கள். அமெரிக்கக்காரன் ஜட்டியோடு நிற்பான். எங்கள் ஆட்கள் முழங்காலுக்குக் கீழே இறங்கிய காற்சட்டையோடு நிற்க வேண்டும், அது பள்ளிவாசலில் போட்ட நிபந்தனை. இன்னொரு நிபந்தனையும் இருந்தது. பொழுதுபடத் தொழுகைக்கு அழைக்கும் மஹ்ரிபு பாங்குக்கு முன்னால் எல்லாம் முடிந்துவிட வேண்டும். பொழுதுபட்டபின் வெளியில் நிற்க முடியாத யுத்தக் காலம் என்பதால் அதை மீறும் எண்ணம் எவருக்கும் வரவில்லை. ஆகவே சூரியன் இறங்க இறங்க, வாப்பா தோற்க வேண்டிய நேரம் நெருங்கிவிட்டது என்று எங்களுக்குத் தெரியும்.

வாப்பாவுக்கு ஆலையில் நெல் மூட்டை ஏற்றும் வேலை. ஆள் நல்ல உயரம், கதவளவு தோள். அவரை வீழ்த்துகிற பயில்வான் அவருடைய தோள்மட்டத்துக்குத்தான் வருவார். ஐஸ் ஆலையில் வேலை செய்தவர், சின்ன உடம்பு, ஆனால் பாம்பு மாதிரி நெளிவார், சிரித்தால் ஊரே சிரிக்கும். சின்ன ஆள் பெரிய ஆளைத் தூக்கிப் போடுவதைப் பார்க்கத்தான் சனம் வந்தது. அவர்கள் இரண்டு பேரும் விடியற்காலையில் சுபஹு தொழுதுவிட்டு ஈர மணலில் பழகுவதை, பள்ளிக்கூடம் போகத் தொடங்குமுன் நான் பார்த்திருக்கிறேன். தேத்தண்ணிப் போத்தலோடு உம்மா என்னை அனுப்புவார். பயில்வான் வாப்பாவின் இடுப்பைப் பிடிப்பார். வாப்பா தானே எம்பி, தானே புரண்டு, முதுகை விரித்து விழுவார். எழும்பி மண்ணைத் தட்டிக்கொண்டு இரண்டு பேரும் சிரிப்பார்கள். அப்போது அது எனக்கு ஒரு விளையாட்டு. வெளியில் மூச்சு விடக் கூடாத விளையாட்டு என்பது மட்டும் எப்படியோ விளங்கியிருந்தது. உம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை.

எங்கள் ஊரில் பட்டப்பெயர் இல்லாத ஆள் இல்லை. வாப்பாவுக்கு மண்முதுகர் என்று வைத்தார்கள். நான் மண்முதுகர்ட மகள். வகுப்பில் பெருநாள் லீவு முடிந்து போனால், முதுகைத் தட்டிவிடுவது போல் என்னைத் தட்டிவிட்டு ஒருத்தி சிரிப்பாள், மற்றவர்களும் சிரிப்பார்கள். நான் குனிந்து புத்தகத்தைத் திறப்பேன். வாய் திறந்தால் கண்ணீர் வந்துவிடும் என்ற பயம். வாப்பாவுக்கோ இந்த வெட்கம் கிட்டவும் வந்ததில்லை. தலைமுடியெல்லாம் மணலோடு வீட்டுக்கு வருவார், கிணற்றடியில் வாளியைத் தூக்குமுன்பே அடுப்படிப் பக்கம் பார்த்துக் கேட்பார்:

"இண்டைக்குச் சத்தம் எப்பிடி இரிந்திச்சி?"

நல்ல சத்தம் என்று உம்மா சொன்னால் போதும். அந்த மனிதருக்கு அதுதான் பெருநாள்.

நான் உயர்தரப் பரீட்சை முடித்த பிறகு எனக்கொரு சம்பந்தம் வந்தது. எங்கள் பக்கத்தில் கலியாணம் என்றால் பெண் எங்கும் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணுக்கு. பெற்றவர்கள் பின்வளவில் ஓர் அறையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள். ஆகவே ஒரு தாய் மகனுக்குப் பெண் பார்க்கும்போது பெண்ணை மட்டும் பார்ப்பதில்லை, யாருடைய வளவுக்குள் மகன் போய் இருக்கப்போகிறான் என்று பார்ப்பார். மாப்பிள்ளையின் உம்மாவுக்கு என்னைப் பிடித்திருந்தது. வீட்டையும் பிடித்திருந்தது. தேத்தண்ணியும் குடித்தார். போய்ச் சேர்ந்த பிறகு தூது வந்தவரிடம் சொல்லி அனுப்பினார், முதுகுல மண்ணோட ஊரே பாத்த மனிசன்ட வளவுக்கு என்ட மகன அனுப்பிப்போட்டு நான் எப்பிடித் தல நிமிர்ந்து நடக்கிற என்று. தூதுவர் அதை ஒரு சொல்லும் குறைக்காமல் வாப்பாவிடம் ஒப்புவித்தார். சில பேருக்கு அப்படி ஒரு ஞாபகசக்தி. வாப்பா சிரித்துக்கொண்டே கேட்டார். அவர் போன பிறகும் கொஞ்ச நேரம் அந்தச் சிரிப்பு முகத்திலேயே கிடந்தது, எடுத்து வைக்க மறந்த பொருள் போல.

பிறகு ஒரு பின்னேரம் பயில்வான் எங்கள் வளவுக்கு வந்தார். நான் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். விரித்த சாரத்துக்கு அந்தப் பக்கம் நான் நிற்பது இருவருக்கும் தெரியவில்லை. வாப்பா யாரிடமும் எதையும் கேட்டு நான் அறிந்ததில்லை. ஆலையில் கூலி குறைத்தாலும் வாய் திறக்காதவர்.

"ஒரு தரம் மட்டும் விழுந்து தா. எனக்கில்ல, புள்ளைக்கி" என்றார்.

பயில்வான் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, முதலாளியிடம் தான் கதைப்பதாகச் சொன்னார். ஈரத் துணியைப் பிடித்தபடி அசையாமல் நின்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோசமாக இருந்தது. அந்தச் சந்தோசத்தை நினைத்தால்தான் இன்றைக்கும் முகம் சுடுகிறது.

அந்த ஹஜ்ஜுப் பெருநாள் பின்னேரம் அடுப்படியில் எவரும் வேலை செய்யவில்லை. உம்மாவுக்கு விசயம் தெரியாது, ஆனாலும் என் முகத்தைப் பார்த்து ஏதோ விளங்கியிருக்கும். மூட்டை விழும் சத்தம் வந்தது. "ஓ" வரவில்லை. அறிவிப்பாளர் வாப்பாவின் பெயரைச் சொல்லி வெற்றி என்றார். அப்போதும் ஒன்றும் வரவில்லை. பயில்வான் எழும்புவார் என்று சனம் காத்திருந்திருக்கிறது. அவர் எழும்பவில்லை. பிறகுதான் கூ அடிக்கத் தொடங்கினார்கள். ஒரு மூலையில் தொடங்கி மைதானம் முழுக்கப் பரவியது. காசு கொடுத்து வென்றான் என்று யாரோ ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்று கத்தினான், அது எங்கள் வீடு வரைக்கும் தெளிவாகக் கேட்டது. அந்த நேரத்தில் மஹ்ரிபு பாங்கு சொன்னார்கள். எங்கள் ஊர்ச் சனம் மார்க்கப் பற்றுள்ள சனம். பாங்கு முடியும் வரைக்கும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து மறுபடியும் கூ அடித்தார்கள்.

வாப்பா வீட்டுக்கு வந்தபோது முதுகில் மணல் இல்லை. கிணற்றடிக்குப் போனார், குளித்தார், தொழுதார், படுத்துவிட்டார். சத்தம் எப்படி இருந்தது என்று அவர் கேட்கவில்லை. அதற்குப் பிறகு எந்தப் பெருநாளுக்கும் கேட்கவில்லை.

ஊர் இவ்வளவு காலமும் தோல்வியை நம்பியது, வெற்றியை நம்பவில்லை. இதை நான் எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். அடி வாங்குகிறவன் அடி வாங்குவது நமக்கு இயல்பாகத் தெரிகிறது, அதற்குச் சாட்சி கேட்பதில்லை. அவன் ஒரு நாள் எழும்பி நின்றால்தான், இதில் ஏதோ கள்ளம் இருக்கிறது என்கிறோம். வாப்பாவின் ஒரு வெற்றியைப் பொய் என்று பிடித்த பிறகு, அப்படியென்றால் மற்றதெல்லாம் என்ன என்று சனம் கேட்கத் தொடங்கியது. அடுத்த பெருநாளுக்கு அரைவாசிப் பேர்தான் வந்தார்கள். அதற்கடுத்த பெருநாளுக்குப் பயில்வானின் சொந்தக்காரர் மட்டும் வந்தார்கள். முதலாளி கோதாவைப் பிரித்து விறகுக்கு விற்றார். எங்கள் ஊரில் எதைச் சொன்னாலும் சுனாமிக்கு முந்தியா பிந்தியா என்று கேட்பார்கள். கழகம் சுனாமிக்கு முந்தியே மௌத்தாகிவிட்டது, கடல்மேல் பழியைப் போடவும் வழியில்லை. பழி முழுக்க வாப்பாவின் மேல்தான்.

கலியாணம் நடந்தது. சம்பந்தத்தை வேண்டாமென்ற மாமி, கூ அடித்த பெருநாள் கழிந்த கையோடு சம்மதம் சொல்லி அனுப்பினார். ஒலிபெருக்கியில் வெற்றி என்று சொன்னதை அவரும் தன் அடுப்படியிலிருந்து கேட்டிருப்பார், தான் சொன்ன காரணம் இல்லாமல் போனதால் இறங்கி வந்திருப்பார் என்று நான் நினைத்துக்கொண்டேன். வாப்பா பட்ட அவமானத்துக்கு அதாவது மிஞ்சியதே என்று ஆறுதல்பட்டேன். காவின் எழுதி நிக்காஹ் முடிந்த அன்று வாப்பா பின்வளவு அறைக்குத் தன் சாரத்தையும் தொழுகைப் பாயையும் தானே தூக்கிக்கொண்டு போனார். மௌத்தாகும் வரைக்கும் அங்கேதான் இருந்தார்.

இனி என் மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒலுவில் பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கிறான். அவனுக்கு மல்யுத்தம் என்றால் சோறு வேண்டாம். அந்த அமெரிக்கக் கம்பனியின் சரித்திரத்தை ரசிகர்கள் காலம் காலமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பேர் வைத்து, இந்தக் காலம் எந்தப் போட்டியோடு முடிந்தது என்று விடிய விடியச் சண்டை பிடிப்பார்களாம். அதைப் பார்த்து, எங்கள் ஊர்க் கழகத்துக்கும் அப்படி ஒரு சரித்திரம் முகநூலில் எழுதுவதென்று கூட்டாளிகளோடு தொடங்கினான். வருகிற ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பயில்வானுக்குப் பொன்னாடை போர்த்தப்போகிறார்கள், அதற்கு முன் சரித்திரம் வெளிவர வேண்டும். நான் தமிழ் படிப்பிக்கிறவள் என்பதால் பிழை பார்க்கத் தந்தான்.

ஆண்டை வைத்துப் பிரிக்க ஏலாது, சனம் எதை நம்பியது என்பதை வைத்துத்தான் பிரிக்க வேண்டும் என்று முன்னுரையில் எழுதியிருந்தான். படித்ததும் பெருமையாகத்தான் இருந்தது. முதலாவது, மணல் காலம். சனம் அதை விளையாட்டாகப் பார்த்தது. இரண்டாவது, கயிற்றுக் காலம். சனம் உயிரைக் கொடுத்து நம்பியது. மூன்றாவதற்கு அவன் வைத்த பெயர், மானம் போன காலம். அது வாப்பாவின் வெற்றியோடு தொடங்கி, விறகுக் கடையில் முடிந்தது. பக்கத்தில், ஒரு கையை நடுவர் தூக்கிப் பிடித்திருக்க, கீழே பார்த்துக்கொண்டிருக்கும் வாப்பாவின் படம். எங்கே தேடி எடுத்தானோ.

என் முகம் மாறியதைப் பார்த்துவிட்டு அவன் மெதுவாகச் சொன்னான்.

"நம்மட மூத்தாப்பா எண்டதுக்காகச் சரித்திரத்த மாத்தி எழுத ஏலா உம்மா."

நேர்மையாக வளர்த்தது நான்தான். யாரிடம் கோபிப்பது?

மறுநாள் பயில்வானின் வீட்டுக்குப் போனேன். வாப்பா எதற்காக அப்படிச் செய்தார் என்று சொல்லக்கூடியவர் உலகத்தில் என்னைத் தவிர அவர் ஒருவர்தான் மிச்சம். அவர் வாயால் ஒரு சொல் சொன்னால் மகன் கேட்பான். கால் வழங்காமல் நாற்காலியில் இருந்தார். என்னைக் கண்டதும் கண் கலங்கி, வாப்பாவுக்காக துஆச் செய்தார். நான் மெல்ல விசயத்தை எடுத்தேன்.

"அது ஒண்டுதான் பொய், மகள். உங்கட வாப்பா கேட்டார், பாவம் பாத்து விழுந்தன். மத்ததெல்லாம் நான் மெய்யாவே அடிச்சி வெண்டது" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. முகத்தில் அப்படி ஒரு நிச்சயம். வருசக்கணக்கில் சொல்லிச் சொல்லி அதுவே அவருக்கு உண்மையாகிவிட்டது. ஈர மணலில் தானே எம்பித் தானே புரண்டு விழுந்த ஒரு மனிதர் அவருடைய ஞாபகத்தில் இல்லவே இல்லை. நான் கண்டதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த நாற்காலியில் இருப்பவரிடம் என்ன மிஞ்சும்? வாப்பா அத்தனை வருசமும் வாயைக் கட்டிக்கொண்டிருந்தது இந்த மனிதருக்காகத்தான். தந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, கெஞ்ச வந்தவள் வெறுங்கையோடு திரும்புவது போல் திரும்பினேன். வீதியில் வரும்போது, வாப்பாவும் அன்றைக்கு இப்படித்தான் இதே மனிதரிடம் கேட்டு நின்றார் என்ற நினைப்பு வந்து, நடக்கவே கூச்சமாக இருந்தது.

அஸருக்குப் பிறகு முன்மண்டபத்தில் மகன் தன் வாப்பாவுக்கு அதை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தான். என் வீட்டுக்காரர் அதிகம் கதைக்காதவர். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாம் காலத்துக்கு வந்ததும் நான் பொறுக்க முடியாமல், அதை எடுத்துப் போடு என்றேன். ஏன் என்று மகன் கேட்டான். என்ன சொல்வது? எனக்கு மாப்பிள்ளை எடுக்கத்தான் உன் மூத்தாப்பா மானத்தை விற்றார், அந்த மாப்பிள்ளை இதோ உனக்கு முன்னால் இருக்கிறார் என்று எந்த வாயால் சொல்வது? வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் கண்ணைத் திறந்தார்.

"நான் அண்டைக்கு அங்க நிண்டன். கயித்துக்குக் கிட்ட. நானும் கூ அடிச்சன்" என்றார்.

மகன் தொலைபேசியை மடியில் வைத்தான். அவர் என்னைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். பாங்கு சொல்லும்போது எல்லாரும் அடங்கி நின்ற நேரத்தில், வாப்பா கோதாவுக்குள்ளிருந்து நேரே இவரைப் பார்த்தாராம். தன் மகளுக்குப் பேசித் தட்டிப்போன பெடியன் இவர்தான் என்று அவருக்குத் தெரியுமாம். பாங்கு முடிந்ததும் பக்கத்தில் நின்ற கூட்டாளிகளுக்குப் பயந்து இவர் மறுபடியும் கூ அடித்தாராம். வீட்டுக்குப் போனதும் சோறு இறங்கவில்லையாம். கலியாணம் செய்வதென்றால் அந்த வளவுக்குத்தான் போவேன் என்று உம்மாவிடம் அடம்பிடித்து நின்றது அதற்குப் பிறகுதானாம்.

"இந்த வீட்டுக்கு வந்த அண்டைக்கு மாமா தன்ட கையால தேத்தண்ணி ஊத்தித் தந்தார். கடைசி மட்டும் ஒரு சொல்லும் கேக்கல்ல" என்றார்.

இத்தனை வருசம் ஒரே கூரைக்குக் கீழே இருந்திருக்கிறோம். வாப்பாவின் ஜனாஸாவை முன்னால் நின்று தூக்கியவர் இவர். மையத்துக் கட்டில் தோளில் இருக்கும்போதும் இது இவருக்குள் இருந்திருக்கிறது. வாப்பாவின் வெற்றிதான் மாமியின் மனதை மாற்றியது என்று நான் கட்டி வைத்திருந்த ஆறுதல் அந்த இடத்திலேயே சரிந்துவிட்டது. என்னை வாழ வைத்தது அந்த வெற்றி அல்ல, ஒரு பெடியனுக்கு வந்த வெட்கம். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அவருடைய நரைத்த தாடியும் குனிந்த தலையும் பார்க்கப் பாவமாக இருந்தது.

அப்படியென்றால் மூத்தாப்பா மெய்யாகத்தான் வென்றாரா என்று மகன் கேட்டான். சரித்திரம் எழுதுகிறவன் அல்லவா.

"அது மெய்யா பொய்யா எண்டு கேக்க வாணாம். அவர் வெண்டார், நாங்க கூ அடிச்சம். அவ்வளவுதான் நடந்தது. அத எழுது. பேர மாத்தவும் வாணாம், போனது ஆர்ட மானம் எண்டு சனத்துக்கு விளங்கும். என்ட பேரையும் போடு" என்றார் அவர்.

மகன் அப்படியே எழுதினான். பயில்வானின் பொன்னாடைக்கு அதனால் ஒரு பழுதும் வரவில்லை. மூன்றாம் காலத்தில் இப்போது இரண்டே வரிதான் இருக்கிறது, அதற்குக் கீழே தன் வாப்பாவின் முழுப்பெயர். வெளியிட்ட அன்று பின்னேரம் வரைக்கும் ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. பிறகு கட்டாரிலிருந்து ஒருவர், முகப்புப் படத்தில் வழுக்கைத் தலையோடு நிற்பவர், "நானும்" என்று ஒரு சொல் போட்டிருந்தார். அதற்குக் கீழே சம்மாந்துறையிலிருந்து ஒருவர், நானும் நின்றேன் என்று. பிறகு எங்கள் பள்ளிவாசலில் முதல் வரிசையில் தொழும் ஒரு ஹாஜியார். மகன் வாசித்துக்கொண்டே போனான். வரவர அவன் குரல் இறங்கிக்கொண்டே போயிற்று.

வாப்பா இருந்திருந்தால் இவர்கள் ஒருவருக்கும் மறுமொழி எழுதியிருக்க மாட்டார். எல்லாரையும் வீட்டுக்கு வரச் சொல்லி, சீனி கூடப் போட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்திருப்பார். மறுநாள் காலையில் அந்த ஹாஜியாரை வாசலில் கண்டேன், என்னோடு ஏதோ கதைக்க வந்தவர் போல நின்றார். நான் காணாதவள் மாதிரி உள்ளே வந்துவிட்டேன். வாப்பாவின் மனசு எனக்கு வரவில்லை. அதற்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது.